முதலாளி கடையில் இருக்கும்போது வீட்டு வாசலில் யார்?

மளிகைக் கடைக்காரரின் அன்றாடம் ஊருக்கே தெரிந்தது. காலை 6 மணிக்கு ஷட்டர் ஏறுகிறது, இரவு 10 மணிக்கு இறங்குகிறது. மதியம் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறாரா, அல்லது டிபன் கேரியர் கடைக்கு வருகிறதா என்பது பக்கத்து டீக்கடைக்குத் தெரியும், மூட்டை இறக்குகிறவருக்குத் தெரியும், எதிர்க்கடைப் பையனுக்கும் தெரியும். பலகையில் பெயர் இருக்கிறது, பில்லில் செல்போன் எண் இருக்கிறது. "அண்ணாச்சி வீடு எது?" என்று கேட்டால் தெருவில் விளையாடுகிற குழந்தைகூட விரல் நீட்டிக் காட்டும். ஆபீசுக்குப் போகிறவர் வீட்டில் கைவைக்க நினைப்பவன் நாலு நாள் நோட்டம் பார்க்க வேண்டும். வணிகர் வீட்டுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ஒரு தீப்பெட்டி வாங்கும் சாக்கில் கடைக்கு வந்து, முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, நேரே வீட்டுக்குப் போய்விடலாம்.

கடைக்கு நாம் செய்கிற பாதுகாப்பையும் வீட்டுக்குச் செய்வதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடை ஷட்டருக்கு இரு பக்கமும் பூட்டு, நடுவில் ஒரு சென்டர் லாக், வாசலில் கேமரா, போதாததற்குத் தெருவுக்குப் பொதுவாக ஒரு கூர்க்கா. வீட்டின் பின்வாசலிலோ அப்பா காலத்துத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும், அதுவும் மழைக்காலத்தில் சரியாக விழாது.

ஆனால் வியாபாரத்தின் உண்மையான முதல் எங்கே இருக்கிறது? கடையில் இருப்பது சரக்கு. அதில் பாதி மொத்த வியாபாரியின் கடனில் நிற்கிறது. முதல் என்பது வீட்டுப் பீரோவில் இருக்கும் நகைதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எண்ணெய், வெல்லம், பருப்பு எடுக்கப் பணம் போதாத நேரத்தில் அந்த நகைதான் வங்கிக்குப் போய்ப் பணமாகி வருகிறது. ஆகவே வீட்டில் 20 பவுன் போனால் வருத்தத்தோடு முடிவதில்லை, அடுத்த பண்டிகைக்குச் சரக்கு எடுக்கக் கையில் பணம் இல்லாமல் போகிறது. வீட்டுப் பாதுகாப்பைப் பற்றி இந்த இதழில் இவ்வளவு இடம் ஒதுக்கி எழுதுவதன் காரணம் இதுதான்.

"அண்ணாச்சி சொல்லி அனுப்பினாங்க"

நம் தொழில் வாய்ச்சொல்லில் நடக்கிறது. மண்டியிலிருந்து போன் வந்தால் லாரி கிளம்புகிறது. ஒரு துண்டுச் சீட்டில் நாலு எழுத்து எழுதிக் கொடுத்தால் 50 மூட்டை வந்து இறங்குகிறது. இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் கடை ஒரு வாரம் ஓடாது. அதே பழக்கம் வீட்டு வாசல் வரை வந்துவிட்டதுதான் சிக்கல். "பையனை அனுப்புறேன், பீரோவுல இருந்து 20 ஆயிரம் எடுத்துக் குடுத்துவிடு" என்று நாமே பலமுறை சொல்லியிருக்கிறோம். வீட்டிலும் அப்படிக் கொடுத்துப் பழகிவிட்டார்கள்.

ஏமாற்றுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? முற்பகல் 11 மணி சுமாருக்கு ஒருவன் சைக்கிளிலோ வண்டியிலோ வருகிறான். "அக்கா, கடையிலேருந்து வர்றேன். லோடு வந்து நிக்குது. லாரிக்காரர் வாடகை குடுத்தாத்தான் இறக்குவேன்னு சத்தம் போடுறாரு. அண்ணாச்சி 15 ஆயிரம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அவங்க போன்ல சார்ஜ் இல்ல." சொல்கிற ஒவ்வொன்றும் நடக்கக் கூடியதுதான். லோடு வருகிற நாள் அவனுக்குத் தெரியும், ஏனென்றால் லாரி கடை வாசலில்தானே நிற்கிறது. கடையில் கூட்டமாக இருக்கும்போது நாம் போனை எடுப்பதில்லை என்பதும் தெரியும். வீட்டில் இருப்பவர் ஒருமுறை அழைத்துப் பார்த்து, மணி அடித்து நின்றுவிட்டால், "பாவம், அங்கே என்ன அவசரமோ" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். ஏமாந்த பிறகு அவரைத் திட்டிப் பயனில்லை. அப்படிக் கொடுக்கும் பழக்கத்தை ஏற்படுத்தியவர் கல்லாவில் இருக்கிறார்.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. கடைக்காக வீட்டிலிருந்து பணம் எடுத்து வரும் வேலையை முதலாளியோ, குடும்பத்தில் ஒருவரோதான் செய்ய வேண்டும். வேறு யார் வந்து எந்த அவசரத்தைச் சொன்னாலும் "அவரையே வரச் சொல்லுப்பா" என்பதுதான் பதில். லாரி வாடகைக்கு அரை மணி நேரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதுவும் இன்று வாடகையை கியூ.ஆர். அட்டையில் போட்டுவிட லாரிக்காரரே தயாராக இருக்கிறார். இந்த ஏற்பாடு கடைப் பையனுக்கும் நல்லது. வீட்டில் ஏதாவது காணாமல் போனால் முதலில் சந்தேகிக்கப்படுகிறவன் வீட்டுக்கு வந்து போகிற பையன்தான். பணம் எடுத்து வருகிற வேலையே அவனுக்கு இல்லையென்றால் அந்தப் பழியும் அவன் மேல் விழாது.

தவிர்க்க முடியாமல் ஆள் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளட்டும். வணிகர்களுக்கு இது புதிதல்ல. கொள்முதல் விலையை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் எழுத்துக் குறியாக எழுதி வைக்கும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. குழூஉக்குறி என்று இலக்கணமே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதே முறையில் குடும்பத்துக்குள் ஒரு சொல் இருக்கட்டும். போனில் பேசுகிற குரல் நம்முடையது போலவே இருந்தாலும் அந்தச் சொல் வராவிட்டால் பீரோ திறக்கக் கூடாது. ஒருவரின் குரலை அப்படியே கணினியில் உருவாக்கிப் பேச வைக்க முடிகிற காலம் வந்துவிட்டது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

பளபளக்கும் நகையின் கணக்கு

நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று வருகிற கூட்டம் ஐம்பது வயதுக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த பழைய கூட்டம். ஆனாலும் இன்றும் ஏமாறுகிறார்கள். என்ன நடக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொன்னவர்கள் குறைவு என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இரண்டு பேர் டக்-இன் செய்த சட்டையோடு வருவார்கள். புதிதாக வந்திருக்கும் பாத்திரப் பவுடர், கம்பெனி விளம்பரம், இலவசம் என்பார்கள். முதலில் குத்துவிளக்கைக் கேட்டு வாங்கித் துலக்குவார்கள். அது உண்மையிலேயே பளிச்சென்று ஆகிவிடும். அடுத்து வெள்ளிக் கொலுசு, அதுவும் வெளுத்துவிடும். நம்பிக்கை பிறந்த பிறகுதான் கழுத்துச் சங்கிலிக்கு வருவார்கள்.

தங்கத்தைத் தனித்தனி அமிலங்கள் தொடுவதில்லை. ஆனால் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் சேர்ந்தால் அந்தக் கலவை தங்கத்தையே கரைத்துவிடும். ராஜ திராவகம் என்று இதற்குப் பெயர். சங்கிலியைக் கொஞ்ச நேரம் அதில் போட்டு எடுத்தால் மேல்படலம் கரைந்து திராவகத்தோடு போய்விடும். கரைந்த தங்கத்தை அதிலிருந்து மீண்டும் பிரித்தெடுக்க முடியும். 5 பவுன் சங்கிலி என்றால் 40 கிராம். அதில் 4 கிராம் குறைந்தாலும் அரைப் பவுன் போய்விட்டது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நகையை அடகு வைக்கப் போய்த் தராசில் வைக்கும்போதுதான் தெரியும்.

இதைவிடத் துணிந்தவர்கள் நகையையே எடுத்துக்கொள்வார்கள். சங்கிலியை ஒரு பாத்திரத்தில் போட்டு, மஞ்சள் பொடி கரைத்த தண்ணீரை ஊற்றி மூடி, "இருபது நிமிஷம் சூடு பண்ணுங்கம்மா, அப்புறம் திறந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மஞ்சள் தண்ணீருக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது. திறந்து பார்க்கும்போது அவர்கள் அடுத்த ஊரைத் தாண்டியிருப்பார்கள்.

இந்த இதழைப் படிக்கிற மளிகைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறோம். பாத்திரப் பவுடர் விற்பது நாம்தான். புதுப் பவுடர் வந்தால் கம்பெனி ஆள் முதலில் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான் என்பதை நம்மைவிட யார் அறிவார்? கடையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் நகையைக் கழுவித் தருகிற கம்பெனி எதுவும் கிடையாது. கடைக்கு வருகிற பெண்களிடம் சில்லறை கொடுக்கும்போதே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லலாம். கடையில் சொன்ன விஷயம் ஒரே நாளில் தெரு முழுக்கப் போய்விடும்.

அதிகாரி என்று சொல்லி வருகிறவர்

வணிகர்களிடம் செல்லுபடியாகும் இன்னொரு வேஷம் அதிகாரி வேஷம். கணக்கு வழக்கு சுத்தமாக வைத்திருக்கிறவர்களுக்கும் "டிபார்ட்மெண்ட்" என்ற சொல்லைக் கேட்டால் ஒரு பயம் வருகிறது. அந்தப் பயத்தைக் காசாக்கும் கூட்டம் 1987-லேயே பம்பாயில் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம், தன்னை மோன்சிங் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், உளவு அதிகாரி வேலைக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பெரிய ஓட்டலில் நேர்முகத் தேர்வு வைத்து 26 பேரைத் தேர்ந்தெடுத்தார். மார்ச் 19 அன்று அவர்களையே பஸ்ஸில் அழைத்துக்கொண்டு ஓபரா ஹவுஸ் பகுதியிலுள்ள புகழ்பெற்ற நகைக் கடைக்குள் சி.பி.ஐ. சோதனை என்று நுழைந்தார். நகையையும் பணத்தையும் பையில் போட்டு முத்திரை வைத்தார், அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார், திரும்பி வரவேயில்லை. கூட வந்த 26 பேரும் தாங்கள் உண்மையிலேயே அரசு வேலையில் சேர்ந்துவிட்டதாக நம்பிக் கடையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இது இந்தியிலும் தமிழிலும் சினிமாவாகவும் வந்தது.

அவ்வளவு பெரிய கடையிலேயே நடந்தது என்றால் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா என்ன செய்வார்? அவருக்குச் சில விஷயங்களைச் சொல்லி வைப்பது நம் கடமை. ஜி.எஸ்.டி. சோதனைக்கு வருகிறவரிடம் இணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரி வழங்கிய ஐ.என்.எஸ்.-01 என்ற எழுத்து மூல ஆணை இருக்க வேண்டும். அதில் சோதனையிட வேண்டிய இடம் குறிப்பிட்டிருக்கும். கடை விலாசம் மட்டும் உள்ள ஆணையை வைத்து வீட்டில் நுழைய முடியாது. மத்திய ஜி.எஸ்.டி. அலுவலகத்திலிருந்து வரும் ஆவணங்களில் சரிபார்க்கக் கூடிய ஓர் எண் இருக்கும். இந்த ஆவண அடையாள எண் முறை 2019 நவம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. போர்ட்டல் வழியாக வரும் ஆவணமானால் அதற்கென்று தனிக் குறிப்பெண் இருக்கும். சோதனை நடக்கும்போது அக்கம்பக்கத்திலுள்ள பொறுப்பான இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதி அதன் நகலை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். பெண்ணைச் சோதனையிடப் பெண்தான் வர வேண்டும். உண்மையான அதிகாரி பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். சாட்சி அவருக்கும் தேவை.

மின்வாரியம், கேஸ் ஏஜென்சி, மாநகராட்சி என்று வருகிறவர்கள் விஷயத்தில் இவ்வளவு சட்டம் தேவையில்லை. மின்கட்டணத்தை வாசலில் ரொக்கமாக வசூலிப்பது மின்வாரியத்தின் வேலையல்ல. கேஸ் அடுப்பைச் சோதிக்க வந்தவரை வெளியே நிற்க வைத்து, சிலிண்டர் புத்தகத்திலுள்ள ஏஜென்சி எண்ணுக்கு ஒரு போன் போட்டால் போதும். அவர் நீட்டுகிற அட்டையில் உள்ள எண்ணுக்குப் போட்டுப் பயனில்லை, அதை அவர்தானே அச்சடித்திருப்பார்!

வாசலுக்கே வராமல் வீடியோ அழைப்பில் போலீஸ் உடுப்போடு தோன்றி "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் எங்கும் கிடையாது. பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு என்பதால் இதில் தாமதம் கூடவே கூடாது.

வீடு பூட்டியிருக்கிறது என்று நாமே சொல்வது

இனி ஏமாற்றாமல் நேராகத் திருடுகிறவன். அவன் பெரும்பாலும் பெரிய திறமைசாலி அல்ல. திறந்த கதவு, எட்டிய சாவி, ஆளில்லாத வீடு, இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால் நுழைவான், கிடைக்காவிட்டால் அடுத்த வீட்டைப் பார்ப்பான்.

சாவி எங்கே வைக்கிறோம்? மீட்டர் பெட்டி மேல், ஷூவுக்குள், துளசி மாடத்துக்குப் பின்னால், மிதியடிக்குக் கீழே. திருடனும் நம்மூர்க்காரன்தான், அவன் வீட்டிலும் அங்கேதான் வைப்பார்கள். பீரோ சாவி பீரோ மேலேயோ, சாமி படத்துக்குப் பின்னாலேயோ இருக்கும். பீரோவை உடைக்கிற சிரமத்தை அவனுக்கு நாம் வைப்பதில்லை.

ஆளில்லை என்பதை அறிவிப்பதிலும் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. மகளுக்குத் திருமணம் என்றால் கடைவீதி முழுக்க பிளக்ஸ் வைக்கிறோம். மண்டபத்தின் பெயர், தேதி, முகூர்த்த நேரம், அழைப்பாளர் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. அந்த இரவும் மறுநாள் காலையும் வீட்டில் ஈ காக்கை கிடையாது என்பதை எட்டடி உயரத்தில் எழுதி வைத்தது போலத்தான். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் பதினாறாம் நாள் காரியம் நடக்கும் இடத்தை அச்சிடுவதும் அப்படித்தான். மே 5 வணிகர் தின மாநாட்டுக்குச் சங்கமே வேன் பிடித்துக் குடும்பத்தோடு போகிற ஊர்களில், எந்தெந்த வீடு பூட்டியிருக்கும் என்று யோசிக்கக்கூடத் தேவையில்லை.

கல்யாணத்தைச் சொல்லாமல் நடத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. உறவுக்காரர் ஒருவர், அல்லது நம்பிக்கையான கடைப் பணியாளர் இருவர், அன்றிரவு வீட்டில் படுத்துக்கொள்ளட்டும். வெளியூர் போவதைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ரோந்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லுங்கள். வாசலில் கோலம் போடப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லி வைப்பது மிகச் சிறிய காரியம், ஆனால் நம்மூரில் கோலம் இல்லாத வாசல்தான் முதலில் கண்ணை உறுத்தும். மொட்டை மாடிக் கதவைப் பலர் பூட்டுவதே இல்லை, அதையும் பாருங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் அதன் பதிவுப் பெட்டியை டி.வி.க்குக் கீழேயே வைத்திருந்தால் போகும்போது திருடன் அதையும் எடுத்துக்கொண்டு போவான். அதைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

பணம், லாக்கர், இன்சூரன்ஸ்

2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. அந்த வாரங்களில் வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை வசூலாகும் ரொக்கம் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. இரவு 10 மணிக்கு மஞ்சள் பையோடு வீட்டுக்கு நடக்கிற முதலாளியைத் தெருவே பார்க்கிறது. பணம் போடும் இயந்திரம் அருகில் இருந்தால் பகலிலேயே இரண்டு தடவையாகப் போட்டுவிடுவது மேல்.

நகைக்கு வங்கி லாக்கர் நல்லது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், வங்கி ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால் லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய தங்கத்துக்கு இது போதாது என்றாலும் பீரோவுக்கு அந்த அளவுகூடக் கிடையாது. லாக்கரில் ரொக்கம் வைக்க அனுமதி இல்லை என்பதையும் கவனிக்கவும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நம்மவர்கள் பலர் தவறான எண்ணத்தில் இருக்கிறார்கள். 2021-ல் வந்த பாரத் கிருஹ ரக்‌ஷா வீட்டுப் பாலிசி முக்கியமாகத் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அத்தகைய விபத்து நடந்து 7 நாளுக்குள் அதன் காரணமாக ஏற்படும் திருட்டுக்குத்தான் அதில் இடம் உண்டு. கதவை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். அந்தப் பாலிசியிலும் "பலாத்காரமாக நுழைந்து" என்ற நிபந்தனை இருக்கும். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வணிக நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சரக்கு திருடு போனது உண்மை, ஆனால் உடைத்து நுழைந்த அடையாளம் இல்லாததால் பாலிசி வாசகப்படி பணம் கிடையாது என்று தீர்ப்பானது. மிதியடிக்குக் கீழே இருந்த சாவியை எடுத்துத் திறந்தவனுக்கும், நகையை நாமே கையில் எடுத்துக் கொடுத்தவனுக்கும் இந்தத் தீர்ப்பைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிசி எடுக்கும் முன் ஏஜெண்டிடம் இந்த ஒரு வரியைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

திருட்டு நடந்துவிட்டால் சிதறிக் கிடப்பதை எடுத்து அடுக்காமல், பீரோவைத் தொடாமல் 100 அல்லது 112-க்கு அழையுங்கள். நம் எல்லை இல்லை என்று காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும்.

அங்கே முதலில் கேட்கப்படுவது என்னென்ன நகை, எத்தனை கிராம் என்பதுதான். பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கக் குறியீடு பொறித்திருக்கும். எச்.யு.ஐ.டி. என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு நகைக்கும் எடை, அந்தக் குறியீடு, ஒரு புகைப்படம், வாங்கிய ரசீது ஆகியவற்றைச் சேர்த்துச் சரக்கு இருப்பு எழுதுவது போலவே ஒரு பட்டியல் எழுதுங்கள். எழுதியதைப் பீரோவில் நகையோடு வைக்காமல் கடைக் கணக்கோடு கடையில் வையுங்கள்.